எட்டாவது வரியில் தலைவர்

"கலகலப்பானவர், எந்தச் சபையிலும் முதல் ஆளாகப் பேசுபவர், முன்பின் தெரியாதவரையும் ஐந்தே நிமிடத்தில் நண்பராக்கிக்கொள்பவர்." மக்கள் தொடர்புப் படிப்புக்குப் பொருத்தமானவர் யார் என்று கல்லூரியின் கையேடு இப்படிச் சொன்னது. அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மாத்திரையக்கா சேர்ந்தாள். ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசுவாள். ஐந்தாவது தேவைப்பட்டால் மறுநாளுக்குத் தள்ளிப்போடுவாள்.

"பக்கத்து வீட்டோடயே உனக்குத் தொடர்பு இல்ல. இதுல மக்கள் தொடர்பா?" என்றார் கணவர். சொல்லிவிட்டு, விண்ணப்பத்தைத் தானே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வயது முப்பத்தாறு. பன்னிரண்டு வருடம் மருந்துக் கடையில் நின்றவள். வகுப்பில் அந்தப் பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. எந்த வேளைக்கு எத்தனை மாத்திரை என்று உறையின் மேல் எழுதிக் கொடுப்பது அங்கே அவள் வேலை. எழுதியதோடு விடமாட்டாள். வாங்கியவரைப் படித்துவிட்டு எப்படிச் சாப்பிடப்போகிறார் என்று திருப்பிச் சொல்லச் சொல்வாள். அவர் தடுமாறினால் உறையைக் கிழித்துப் போட்டு வேறு எழுதுவாள். தப்பு படித்தவர் மேல் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசிப் பருவத்தில் குடிநீர் வாரியத்தில் ஆறு வாரப் பயிற்சி. கூடவே வந்த வகுப்புத் தோழனை எல்லோரும் மைக் என்பார்கள். கையில் மைக் இல்லாதபோதும் இருப்பதுபோலவே பேசுவான். இருவரின் பயிற்சிச் சான்றிதழிலும் வாரியத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும்; போடாவிட்டால் பட்டம் இல்லை. அலுவலர் அவளை மூன்றாம் நாளே எடைபோட்டுவிட்டார். வாயையே திறக்காத பெண்ணுக்கு எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது என்று மைக்கிடம் வாய்விட்டே கேட்டார். அது அவள் காதிலும் விழுந்தது.

நீர்த்தொட்டிகளைக் கழுவி மருந்து போடும் சமயம் அது. அந்த நாளில் அந்தப் பகுதியில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கிழக்குத் தொட்டிக்கான அறிவிப்பை மைக் எழுதினான். அதில் வாரியத்தின் வழக்கப்படி தலைவர், துணைத் தலைவர், தலைமைப் பொறியாளர் என்று பதவி வரிசையில் எல்லோரும் இறங்கிவந்தார்கள். அடுத்த பத்தி முழுக்க அவர்களுடைய அயராத உழைப்பு. குடிக்கக் கூடாது என்ற சேதி பதினேழாவது வரியில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. அலுவலர் உருகிப்போனார்.

கழுவிய அன்று விடிந்ததிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. தண்ணீர் ஏன் நெடியடிக்கிறது என்று கேட்டவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே குடித்திருந்தார்கள். மைக் அத்தனை பேரிடமும் இனிக்க இனிக்கப் பேசினான். சாயங்காலத்துக்குள் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது; மறுநாள் விடுப்பு எடுத்தான்.

ஆகவே மேற்குத் தொட்டிக்கான அறிவிப்பு மாத்திரையக்காவிடம் வந்தது. எட்டே வரி எழுதினாள். என்றைக்கு, எந்தெந்தத் தெரு, குடிக்காதீர்கள், முந்தின நாளே பிடித்து வையுங்கள். தலைவர் எட்டாவது வரியில் இருந்தார்.

"ஏம்மா, தலைவரக் கொண்டுபோய் அடியில உக்கார வச்சிருக்க? அவரு கீழ போனா நான் எங்க போவேன்?" என்றார் அலுவலர்.

அவள் வாசலில் இருந்த காவலாளியை உள்ளே கூப்பிட்டு, அலுவலர் முன்னாலேயே முதலில் கிழக்குத் தாளைக் கொடுத்தாள். "படிச்சிட்டு, என்ன செய்வீங்கன்னு சொல்லுங்கண்ணே."

அவர் நிதானமாகப் படித்தார். தலைவருக்கு ஏதோ விருது கிடைத்திருக்கிறது போல, பார்த்தால் வாழ்த்து சொல்லிவிடுவதாகச் சொன்னார். மேற்குத் தாளைக் கொடுத்தாள். பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார்.

"வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன் சார். இதுல ரெண்டாவதா இருக்கிறது எங்க தெரு."

அவர் வெளியே போனதும் அலுவலர் பேனா மூடியைத் திருகினார். "பெரியவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமாம்மா?"

"வேணும் சார். ஆனா இதப் படிக்கிறவங்க பாத்திரத்தக் குழாயடியில வச்சிட்டுப் படிக்கிறாங்க."

தலைவர் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவது என்று அலுவலர் பேரம் பேசி முடித்தார். அறிவிப்பு போனது. தொட்டி கழுவிய அன்று தொலைபேசி பதினான்கே முறை அடித்தது. அதில் ஒன்று தலைவர் வீட்டிலிருந்து. பிடித்து வைத்த தண்ணீரை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்டார்கள். அலுவலர் தொலைபேசியை வைத்துவிட்டு, சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேச்சுத் திறன் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

மேற்குப் பகுதியில் ஒன்பதாயிரம் வீடுகள். அவை முந்தின நாளே தண்ணீர் பிடித்து வைக்கும்படி எழுதியவள் அவள்.