புல்லுக்கு அழும் ஊரும் பாத்திரத்துக்கு அஞ்சிய ஊரும்

ஜூன் மாதம் வந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் அழுகிறார்கள். துக்கம் ஒன்றும் இல்லை, புல் பூத்திருக்கிறது, அவ்வளவுதான். காலையில் பஸ்ஸில் ஏறினால் கண் சிவந்து, மூக்கு ஒழுக, கைக்குட்டையும் கையுமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உலகத்தில் பாதியைக் கட்டியாண்ட கூட்டம் கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் தூளிடம் தோற்றுக் கிடக்கிறது. நான் சித்தூர்க்காரன். இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. பக்கத்து மேஜை ஷீலா போன வாரம் தும்மிக்கொண்டே கேட்டாள், உங்கள் நாட்டில் யாருக்கும் புல் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லையா என்று. எங்களுக்குப் புல் பரவாயில்லை, மனிதர்கள்தான் ஒத்துக்கொள்வதில்லை என்றேன். "ஆமாம், உங்கள் ஜனத்தொகை அப்படி" என்று இரக்கத்தோடு தலையாட்டினாள். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஹெல்ப்பர் டி செல் என்று ஒரு வகை உண்டு. பெயர்தான் உதவியாளர், தன் கையால் ஒரு கிருமியையும் கொல்லாது. மற்ற அணுக்கள் கிருமியின் துணுக்கைக் கொண்டுவந்து காட்டும். பார்த்துவிட்டு, நீ விழுங்கியதைக் கொல், நீ எதிர்ப்பொருள் செய் என்று உத்தரவு மட்டும் போடும். கிருமியைப் பார்த்துச் சரியாகப் போட்டால் காய்ச்சல் விடும். புல்லின் தூளைப் பார்த்துப் போட்டால் ஷீலாவின் மூக்கு ஒழுகும். சொந்த உடம்பையே அந்நியன் என்று நினைத்துப் போட்டால் லூபஸ் போன்ற வியாதி வரும். குஷ்டத்தில் இன்னும் வேடிக்கை. கிருமி ஒன்றுதான். உத்தரவு சரியாக விழுந்த உடம்பில் இரண்டொரு தேமலோடு நின்றுவிடும், பிசகிய உடம்பில் முகமெல்லாம் பரவும். இந்த ஹெல்ப்பரிலேயே இரண்டு வகை என்று எலிகளை வைத்து இப்போது எழுதுகிறார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. தானாக ஒரு துரும்பையும் அசைக்காமல் உத்தரவு மட்டும் போடுகிறவர்களை எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையின் கமிட்டியில் எத்தனையோ வகை பார்த்திருக்கிறேன்.

என் தங்கை கிருபா சித்தூரில் பள்ளிக்கூட டீச்சர். ஒரு கோடையில் அவளுக்கு மூட்டெல்லாம் வலி, மூக்கின் இரு பக்கமும் கன்னத்தில் சிவப்புப் படர்ந்தது. வேறு இடமாக இருந்தால் வெயில் என்று விட்டிருப்பார்கள். எங்கள் சபையில் பாதிக் குடும்பங்கள் குஷ்டரோக ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டும் வேலையும் மருந்து கலக்கும் வேலையும் பார்த்துப் பிழைத்தவை. தோலைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவோம் என்று அவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. கமிட்டித் தலைவர் தேவசகாயம் அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு கோழி இறகோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கிருபாவைக் கண்ணை மூடச் சொல்லிக் கன்னத்தில் தடவினார். குஷ்டம் பிடித்த இடத்தில் தொட்டால் தெரியாது, அதுதான் சோதனை.

"கூசுது மாமா" என்றாள் கிருபா.

"ஆரம்பத்துல அப்டித்தாம்மா கூசும். போகப்போகத்தான் மரத்துப்பூடும்" என்றார் அவர். தன் சோதனையே தன்னைப் பொய்யாக்கியது அந்த மேதைக்கு உறைக்கவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து லூபஸ் என்றார்கள். "இதி அண்டு வியாதி காதம்மா", இது ஒட்டும் நோயே இல்லை என்று டாக்டர் தெலுங்கில் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். தேவசகாயம் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் கோயிலில் திருவிருந்தில் திராட்சை ரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே பாத்திரம், ஒரே விளிம்பு. கிருபா இனிமேல் எல்லாருக்கும் கடைசியில் குடிக்கட்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. தள்ளி வைக்கவில்லை, கடைசியில்தான் வைத்தோம் என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

நான் இங்கிருந்து ஹெல்ப்பர் செல்லுக்குப் படம் வரைந்து, அடிக்கோடு போட்டு, கமிட்டிக்குக் கடிதமாக எழுதித் தள்ளினேன். பதிலே இல்லை. பிறகு லீவில் போனேன். உனக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, உனக்கு அடுத்து நான் குடிக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீ ஒர்த்தன் எனுக்குப் பின்னாடி குடிச்சிட்டா போதும்ணா. ரத்தம் பாக்கற வேல செய்றவனே குடிச்சிட்டான்னு எல்லாம் வாய மூடிக்குவாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவளோடு கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு எழுந்திருக்கும் நேரத்தில் தேவசகாயம் நடந்து வந்தார். "லண்டன்லேர்ந்து வந்த புள்ள பின்னாடி குந்திக்கினு இருந்தா சபைக்கு அழகா? முன்ன வாப்பா. பாப்பா வழக்கம்போல கடைசில வாங்கிக்கட்டும்." கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கோட்டைச் சரிசெய்துகொண்டு அவர் பின்னால் போனேன். முதல் வரிசையில், முதல் ஆளாகப் பாத்திரத்தில் வாய் வைத்தேன். கிருமிக்குப் பயந்து போயிருந்தால்கூட எனக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். நான் போனது மரியாதைக்கு. தேவசகாயத்துக்காவது ஒன்றும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும்.

வீட்டுக்குப் போகும் வழியில் கிருபா ஒரே ஒரு தடவை பேசினாள். "கடைசில நிக்கறது எனுக்குப் பழகிடுச்சுண்ணா. நீ முன்னாடி நின்னதத்தான் பாத்துக்கினு இருக்க முடியல."

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை. திருப்பதி டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுகிறாள். எனக்கு எழுதுகிற கடிதத்தில் பள்ளிக்கூடம், மழை, அன்புடன் கிருபா. வேறு எதுவும் இருப்பதில்லை.

இங்கே ஞாயிறு தோறும் ஒரு கல் கோயிலுக்குப் போகிறேன். கிழவிகள் பத்துப் பேர், பாதிரியார், நான். யாரும் என்னைப் பின்னால் போகச் சொன்னதில்லை. நானாகவே எல்லாரும் மண்டியிட்ட பிறகு போய்க் கடைசியில் மண்டியிடுகிறேன். கிழக்கு நாட்டவர்களின் தாழ்மை எங்களுக்கு ஒரு பாடம் என்று பாதிரியார் வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி என்றேன். எனக்கும் கடைசிக் கிழவிக்கும் நடுவில் ஓர் ஆள் மண்டியிடும் அளவுக்கு இடம் விட்டிருப்பேன். பாதிரியார் பாத்திரத்தோடு அந்த இடத்தைத் தாண்டி என்னிடம் வருகிறார்.