தேசியப் பறவையை விரட்டிய ஆண்டு விழா

எதிர்வீட்டுச் சிறுமி நேற்று வீட்டுப்பாட நோட்டோடு வந்து, "ஆன்ட்டி, ஸ்காட்லாந்தோட தேசிய விலங்கு எது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவளே போனில் தேடி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நெற்றியில் ஒற்றைக் கொம்பு வைத்த குதிரையாம். உலகத்தில் எங்கேயும் இல்லாத மிருகம். சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. இல்லாத ஒன்றைத் தேசிய விலங்காக வைத்துக்கொள்வதில் எவ்வளவு நிம்மதி! அது யார் தோட்டத்திலும் இறங்காது, எதையும் தின்னாது. நம்முடைய தேசியப் பறவை அப்படியா?

நோட்டோடு அவள் கொண்டுவந்த படம் ஒட்டிய அட்டையில் மைதாப் பசை வாசனை வேறு. பூச்சி வராமலிருக்க நாங்கள் பள்ளியில் அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்போம். கம்பம் பக்கம் திராட்சைக் கொடிக்கு அடிக்கிறார்களே, அந்த நீல உப்புதான். 2003-இல் தேனிப் பக்கம் கடமலைக்குண்டில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தபோது ஒரு மாதம் முழுக்க என் விரல் நகமெல்லாம் நீலமாகத்தான் இருந்தது. ஆண்டு விழாவுக்கு 'உலக நாடுகளின் தேசியச் சின்னங்கள்' என்று ஓர் அணிவகுப்பு. யோசனை சொன்னது நானேதான். சும்மா இருந்திருக்கலாம்.

இருக்க முடியாத நிலை. இரண்டு வருடமாகத் தற்காலிக டீச்சர் நான். "விழா நல்லபடியா நடக்கட்டும், பெர்மனெண்ட் ஆக்கிருவோம்" என்று தாளாளர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சிங்க வேஷத்துக்குப் பிள்ளைகளிடையே அடிதடி. நல்லவேளை, உலகத்தில் சிங்கம் வைத்திருக்கும் நாடுகளுக்குப் பஞ்சமில்லை; ஆறு சிங்கங்களைச் சமாளித்துவிட்டேன். கனடாவில்தான் மாட்டிக்கொண்டேன். "எம்மவன் எலயா வந்து நிக்கணுமா டீச்சர்? அதுவும் என்ன எலன்னே தெரியல" என்று ஓர் அம்மா சண்டைக்கு வந்துவிட்டார். தேசிய இலை, கொடியிலேயே இருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அப்படியும் மனசு ஆறாமல், இலைக்கு ஒரு மீசை வரைந்த பிறகுதான் சம்மதித்தார்.

மயில் வேஷம் ஐந்தாம் வகுப்புப் பாண்டீஸ்வரிக்கு. தோகைக்கு என்ன செய்வதென்ற கவலையே இல்லை. அவள் அப்பா மொக்கராஜ் கடலை போடும் விவசாயி. "எங்க காட்டுக்கு வாங்க டீச்சர், அங்கன கூட்டி அள்ளிக்கிரலாம்" என்றார். காடு என்றால் அங்கே மானாவாரி நிலம். மயில்கள் அவர் விதைத்த கடலையைக் கிளறித் தின்றுவிட்டு, ஆளுக்கு ரெண்டு இறகை விட்டுப்போயிருந்தன.

விழா அன்று சாயங்காலம் தேனியிலிருந்து ஓர் அதிகாரி சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். சிங்கங்கள் போயின, இலை மீசையோடு போனது. நான் மைக்கில் குரலை உயர்த்தி, "இதோ, நமது தேசியப் பறவை!" என்றேன்.

பாண்டீஸ்வரிக்கு நான் சொல்லிக்கொடுத்தது நடனம். மேடை ஏறியதும் பிள்ளைக்கு அது மொத்தமும் மறந்துவிட்டது. மறக்காதது காட்டில் தினமும் பார்த்ததுதான். கழுத்தை நீட்டினாள். மூன்று எட்டு வைத்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், குனிந்து காலால் பலகையைப் பரபரவென்று கிளறினாள். அச்சு அசல் மயில்.

கடைசி வரிசையிலிருந்து மொக்கராஜ், "ஏய்ய்... ஓஹோய்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார். கத்தியது மகளைப் பார்த்து என்பது அவருக்கே தெரியவில்லை. அடுத்த நொடி அத்தனை அப்பாக்களும் எழுந்துவிட்டார்கள். எல்லோரும் கடலை போடுகிறவர்கள். கைதட்டல், விசில், துண்டைச் சுழற்றல். ஒருவர் தகர நாற்காலியைத் தூக்கித் தரையில் தட்டினார். பாண்டீஸ்வரி என்ன செய்வாள்? மயில் என்ன செய்யுமோ அதைச் செய்தாள். தோகையைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து குதித்து, அதிகாரியின் மடியில் இருந்த மாலையை மிதித்து, வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள்.

"காலைல ஆபீஸ் ரூமுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார் தாளாளர். வேலை போய்விட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வீட்டுக்குப் போய் அழுதேன்.

மறுநாள் போனால், எனக்கு முன்னால் மொக்கராஜ் அங்கே நிற்கிறார், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "சார், டீச்சர் மேல தப்பில்ல. அவுக ஆடத்தான் சொல்லிக் குடுத்தாக. இந்தக் கழுததான் மேயிற மயிலு கணக்கா தலைய நீட்டுச்சு. எனக்கு வாய் நிக்கல."

"தேசியப் பறவைய்யா அது. சபையில வச்சு வெரட்டலாமா?"

"வெரட்டலன்னா நம்மள வெரட்டிரும் சார். இந்த வருசம் மூணு தடவ வெதச்சுட்டேன்."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு தடவையா? எனக்கு ரெண்டாவது வெதப்பும் போச்சுய்யா." பிறகு டீ வந்தது. பட்டாசு போட்டால் எத்தனை நாளைக்குத் தாங்கும், பழைய சேலையைச் சுற்றிக் கட்டினால் வருமா வராதா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்னை இருவரும் மறந்தே போனார்கள். கடைசியில் தாளாளர் நிமிர்ந்து, "நீங்க ஏன் டீச்சர் நிக்கிறீக? கிளாசுக்குப் போங்க" என்றார். ஜூனில் நிரந்தர ஆணை கையில் கிடைத்தது. அன்றைக்கு மொக்கராஜை நன்றியோடு நினைத்த மாதிரி நான் என் சொந்த அண்ணனைக்கூட நினைத்ததில்லை.

2010-இல் அவர் மறுபடியும் அதே ஆபீஸ் ரூமுக்கு வந்தார். அப்போது ஆபீஸ் வேலையும் என் தலையில்தான். பாண்டீஸ்வரியின் தம்பிக்கு டி.சி. வேண்டுமாம். தேனியிலிருக்கும் பெரிய பள்ளிகளின் வேன்கள் அப்போது எங்கள் ஊரைத் தாண்டி வருசநாடு வரைக்கும் வர ஆரம்பித்திருந்தன. "கோவிச்சுக்கிராதீக டீச்சர். வேன் வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கிருது" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. கோபம் வரத்தான் செய்தது. காட்டிக்கொள்ளாமல் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் இலைக்கு மீசை கேட்ட அந்த அம்மா, தன் கடைக்குட்டிக்காக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

ஏப்ரல் முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் என் கையாலேயே டி.சி. எழுதி முடித்தேன். ஜூனில் பள்ளி திறக்கவில்லை. அங்கே கடைசி வரைக்கும் பெர்மனெண்டாக இருந்தது நான் ஒருத்திதான்.