நோன்புக் கஞ்சி குடித்த பசு

எங்கள் தெருவில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். பொய்யில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் என் பசுவைச் சாகக் கொடுத்தேன்.

செவலை நிறக் கலப்பினப் பசு. ஏலக்காய் வியாபாரத்துக்காக என் வீட்டுக்காரர் வாரத்தில் பாதி நாள் போடிமெட்டுக்கு ஏறிவிடுவார். வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அதுதான். "என்னையவிட மாட்டத்தான் நல்லாக் கவனிக்கிற" என்று அவர் குத்திக்காட்டுவார். நானும் மறுத்ததில்லை.

அந்த நோன்பு மாதத்தில் அது எட்டு மாதச் சினை. ஈனுவதற்கு முன் ஓய்வு வேண்டும் என்று கறவையை நிறுத்தியிருந்தோம். பிள்ளைத்தாச்சி மாட்டுக்கு வாய்க்கு ருசியாகக் கொடுத்தால் நன்மை என்று எங்கள் தெருவில் ஓர் எண்ணம். பள்ளிவாசலில் வாங்கிவந்த கஞ்சியில் நோன்பு திறந்ததும் மிஞ்சுவதை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தூக்குவாளியில் கொண்டுவந்து தருவார்கள். கறித்துண்டு கிடந்தால் பொறுக்கி எடுத்துவிட்டுத் தொட்டியில் ஊற்றுவேன். தவிடு, பிண்ணாக்கிலும் குறை வைக்கவில்லை. மேய்ச்சலுக்கும் அவிழ்த்துவிடவில்லை. முதுகு மெத்தை மாதிரி ஆகிவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊசி போட வந்த கால்நடை டாக்டர் சின்னப் பெண். குரங்கணி வரைக்கும் ஜீப்பில் போய் வைத்தியம் பார்த்து வருகிறவள். வாலடியில் விரலை அழுத்திப் பார்த்தாள்.

"இந்த இடத்துல குழி தெரியணும்க்கா. கொழுப்பு மூடிப்போச்சு. விலா எலும்பும் கைக்குத் தட்டுப்படல. இப்படிச் சதை போட்டா ஈனுனப்புறம் தீனி எடுக்காது. உடம்புக் கொழுப்புக் கரைஞ்சு ஈரல்ல போய் அடைச்சுக்கிரும். கஞ்சிய நிப்பாட்டிட்டு வைக்கோலப் போடுங்க."

எங்கள் ஊரில் சினை மாட்டைப் பார்த்து, சதை போட்டிருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வாயும் வயிறுமா நிக்கிற சீவன் முன்னாடி பேசுற பேச்சா இது? உன் சோலியப் பாத்துட்டுப் போம்மா. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

தெருவே கேட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மூன்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டேன். அன்று சாயங்காலம் கஞ்சியைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினேன்.

பெருநாள் கழிந்து நாலாம் நாள் கிடாரிக் கன்று பிறந்தது. சீம்பாலைத் தெருவெல்லாம் கொடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து பசு தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பால் சுருங்கியது. மூச்சில் அழுகிய பழ வாசனை. முதுகுச் சதை கண்ணெதிரே வடிந்தது. அந்த டாக்டர் பெண் சொன்னபடியே நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுடைய நம்பரும் என் போனில் இருந்தது. எந்த முகத்தோடு கூப்பிடுவது? இன்று தின்னும், நாளை தின்னும் என்று நாலு நாளை ஓட்டினேன். பசு படுத்துவிட்ட பிறகுதான் கூப்பிட்டேன்.

அவள் வந்தாள். பழைய பேச்சை எடுக்கவே இல்லை. குளுக்கோஸ் ஏற்றினாள். மறுநாளும் வந்தாள். "ரெண்டு நாள் முந்திக் கூப்பிட்டிருக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்கடுத்த நாள் காலையில் பசு போய்விட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "அந்த டாக்டர் கண்ணுதான்க்கா. அவ சொன்னத நாங்களும் கேட்டமே."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பசுவை இழந்ததைவிட அந்தத் தலையாட்டலுக்குத்தான் இன்றும் அதிகம் வெட்கப்படுகிறேன். எங்கள் தெருவில் சினை மாட்டுக்கு அவளைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள்.

அந்தக் கிடாரி இப்போது சினை. இந்த நோன்பில் பக்கத்து வீட்டுப் பெண் தூக்குவாளியோடு வந்தாள். வேண்டாம் என்றேன்.

"ஏன்க்கா?"

டாக்டர் சொன்னதுதான் சரி, கண்ணும் இல்லை ஒன்றும் இல்லை, நான்தான் கொன்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரு கேட்கத் திட்டத் தெரிந்த வாய்க்கு அது வரவில்லை.

"தொட்டி நெறைஞ்சு கெடக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.