எந்த சர்ஜனுக்கும் தோன்றுமாம்!

செண்பகம் டாக்டர் போய்விட்டார்... இன்று விடிகாலை, கோவில்பட்டியில். மாரடைப்பு.

நேற்று மதியம்கூட ஓ.பி. பார்த்திருக்கிறார்.

அவர் எலும்பு முறிவு டாக்டர். நான் அவருடைய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்ட பேட்டன்ட் வக்கீல்.

மதுரையில் என் ஆபீசுக்கு முதல்முறை வந்தபோது கையில் தெர்மோகோல் துண்டுகள். ஸ்க்ரூ டிரைவர், முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக பிளேட்டுகள், திருகுகள்.

"வயசானவிய எலும்பு இப்படித்தான் இருக்கும் தம்பி. திருகு நிக்காது. இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். பிளேட் திருகோடு கையில் வந்துவிட்டது.

அடுத்த துண்டில் அவர் வடிவமைத்தது. இரு பக்கமும் சின்ன பிளேட்டுகள், உள்ளே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் திருகுகள். இழுத்தேன்... ம்ஹும்.

ஆபரேஷன் முறைக்கு நம் சட்டத்தில் பேட்டன்ட் கிடையாது, பிளேட்டுக்கும் திருகுக்கும் கேட்கலாம் என்றேன்.

"அப்ப அதைக் கேளுங்க."

கேட்டோம். ஒரு பெரிய கம்பெனி எதிர்த்தது.

பேட்டன்ட் ஆபீஸ் விசாரணையில் அவர்கள் வக்கீல் சொன்னார்: "பிளேட் பழசு, திருகு பழசு. சேர்த்துப் போட எந்த சர்ஜனுக்கும் தோன்றும்."

அப்படித் தோன்றக்கூடியது என்றால் பேட்டன்ட் இல்லை. அதுதான் சட்டம்.

நான் ஃபைலைத் திறப்பதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார். ஆரம்பத்தில் இதை அந்தக் கம்பெனியிடமே காட்டியிருக்கிறார். அவர்கள் மறுத்து எழுதிய கடிதம் கையில்.

"உள்ள திருகு ஒண்ணையொண்ணு தொட்டா எலும்பு பொளந்துரும், எந்த சர்ஜனும் செய்யக் கூடாதுன்னு அன்னைக்கு எழுதுனீங்க. இன்னைக்கு எந்த சர்ஜனுக்கும் தோணும்னு சொல்லுதீங்க. எது நெசம்?"

வக்கீல் தண்ணீர் குடித்தார்.

ஆனாலும் பேட்டன்ட் ஆபீசில் நிராகரித்தார்கள். உத்தரவில் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தயங்கித் தயங்கி டாக்டருக்கு போன் செய்தேன். அவர் வார்டில் இருந்தார். புதூர் பக்கம் ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருவர்... வேறெங்கோ போட்ட பிளேட் இரண்டு முறை பிடுங்கிக்கொண்ட தொடை. இவர் வைத்த பிளேட்டோடு அன்றுதான் முதல் நடை.

"பயப்படாம காலை ஊனுங்கம்மா... ஆங், அப்படித்தான்!" என்று அந்தப் பக்கம் சத்தம். பிறகு என்னிடம், "தோத்துட்டோமா? சரி. அப்பீல் போடுங்க. குரலை ஏன் இறக்குதீங்க?"

ஹைகோர்ட்டில் போட்டோம். வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை.

இன்று அவர் உடலுக்கு மாலை போடப் போனேன். அவர் மகளிடம் எப்படிக் கேட்பது என்று நின்றேன். வழக்கை வாரிசு தொடர மனு வேண்டும். மகள் தானே பேனா கேட்டார்.

"அம்மாவை எடுக்கதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுருதேன் அண்ணாச்சி."

போட்டார். அழுதுகொண்டே, அழுத்தி.

போய் வாருங்கள் மேடம்... செவ்வாய்க்கிழமை ஹைகோர்ட்டில் நிற்பேன். குரலை இறக்க மாட்டேன்.