சீர் ஜாடியில் ஹாப்ஸ் கொடி

மதுவிலக்கு இருந்த காலம். காஷ்மீரில் வேலை பார்த்த என் தம்பி, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடியின் வேரை அழகுக்கு வளர்க்கக் கொடுத்தான். "அடுத்த லீவுக்கு நான் வரையில உயிரோட இருக்கணும்" என்றான்.

என் கல்யாணச் சீரில் வந்த பீங்கான் ஊறுகாய் ஜாடியில் நட்டேன். காரைக்குடி வெயிலுக்குப் பயந்து மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் பழுத்தன, இன்னும் ஊற்றினேன்.

தளக்கல் மாற்ற வந்த ஆத்தங்குடிக் கொத்தனார், "இம்புட்டு ஊத்துறீகளே ஆச்சி, தண்ணி எங்குட்டுப் போகும்?" என்றார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஜாடியின் அடியில் அவர் உளியாலேயே ஓட்டை போடச் சொன்னேன். கொடி பிழைத்தது. தம்பி வந்தபோது ஓடுவரை ஏறியிருந்தது, பூக்கத்தான் இல்லை.

இப்போதெல்லாம் எதையும் கவிழ்த்து அடியைப் பார்த்த பிறகே மண் போடுகிறேன். போன மாதம் மகளுக்குச் சீர் ஜாடி வாங்கும்போதும் கை தானாகக் கவிழ்த்தது. "பயப்படாதீக ஆச்சி, ஒரு ஓட்டையும் இல்ல" என்றார் கடைக்காரர்.