வெயிலில் கிடந்த ஊசி

மருந்து சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது. சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் மருந்தறையில் ஃபார்மசிஸ்டாகத் தொடங்கினேன். பிறகு உலக சுகாதாரப் பணி என்று கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனேன். கழுதை மட்டுமே ஏறும் மலைகளுக்கும் படகு மட்டுமே போகும் தீவுகளுக்கும் மருந்துப் பெட்டிகளை ஐஸோடு அனுப்பி, ஐஸ் உருகும் முன் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்தே என் வயது போனது. ஓய்வு பெற்றதும் சித்தூருக்கே திரும்பினேன்.

போன சித்திரையில் என் தம்பி மகளுக்குத் தலைப்பிரசவம். புத்தூர் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. ரத்தம் நிற்கவில்லை என்றார்கள். நர்ஸ் ஆக்ஸிடோசின் போட்டாள். மறுபடியும் போட்டாள். ரத்தத்தை நிறுத்த வேண்டிய ஊசி அதுதான்.

"அந்த மருந்து எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் கையைக் காட்டினாள். கத்தரி, இடுக்கியெல்லாம் வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்குப் பக்கத்து அலமாரி. குப்பிகளைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தன. ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய மருந்து அது. வெப்பத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும், கண்ணுக்கு மட்டும் தெளிந்த நீராகவே தெரியும். அந்தப் பெண்ணுக்கு வெறும் தண்ணீரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸில் திருப்பதிக்கு ஓடினோம். வடமாலபேட்டை தாண்டும்போது அவள் கை சில்லிட்டுப் போயிருந்தது. திருப்பதியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

அவள் உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்று மத்தியானம் அந்த நர்சிங் ஹோம் டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "எத்தினியோ பிரசவம் பாத்துக்கினு இருக்கோம்மா. ஒண்ணு ரெண்டு பேருக்கு அப்பிடி ஆவும். அது அவங்க உடம்பு."

இந்தப் பேச்சை எத்தனை மொழிகளில் கேட்டிருக்கிறேன். மருந்தை வெயிலில் போட்டவன் மேல் குற்றமில்லை, அதை வாங்கி அடுப்படியில் வைத்தவன் மேல் குற்றமில்லை, செத்துப் போகிறவளின் உடம்பு மேல்தான் குற்றம். மேஜையில் இருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டை எடுத்து அடிக்கலாமா என்று நிஜமாகவே தோன்றியது. எழுந்து வந்துவிட்டேன்.

அவருக்கு மருந்து தரும் மொத்த வியாபாரியின் கடை சித்தூரில்தான். மறுநாள் போய் வாசலில் நின்றேன். லாரியிலிருந்து இறக்கிய பெட்டிகள் தார் ரோட்டோரம் வெயிலில் கிடந்தன. 'குளிரில் வைக்கவும்' என்று ஒவ்வொன்றின் மேலும் அச்சடித்திருந்தது. ஆட்கள் நிழலில் உட்கார்ந்து டிபன் தின்றுகொண்டிருந்தார்கள். போனில் படம் எடுத்தேன்.

புகார் கொடுக்கப் போகிறேன் என்றதும் தம்பி தடுத்தான். "வுட்டுடுக்கா. அந்த டாக்டர் நம்ம சபைக்காரரு. ஞாயித்துக்கெழம மூஞ்ச எப்பிடிப் பாக்கறது? கர்த்தர் உசுரக் குடுத்தாரே, போதும்."

"உன் மகளோட கர்ப்பப்பையை யார் எடுத்தாங்கடா? கர்த்தரா?" என்று கத்தினேன். அவன் அழுதான். அப்போதும் என் கோபம் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து உள்ளே படுத்திருந்த அவன் மகள்தான் பதில் சொன்னாள். "நைனா, நீ வராட்டி போ. நானு அத்தகூடப் போறேன்."

தையல் ஆறியதும் குழந்தையோடு வந்தாள். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கிளார்க் நிமிர்ந்தே பார்க்காமல், "சார் லேரு, ரேப்பு ரண்டி" என்றான். சார் இல்லை, நாளைக்கு வாங்க. நாங்கள் எழுந்திருக்கவில்லை. அவள் அந்த பெஞ்சிலேயே குழந்தைக்குப் பால் கொடுத்தாள். மூன்று மணிக்கு உள்ளறையிலிருந்தே சார் வந்தார்.

சோதனை நடந்தது. குப்பிகளைப் பறிமுதல் செய்தார்கள். வியாபாரியின் லைசென்ஸைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நர்சிங் ஹோமுக்கு எச்சரிக்கையோடு சரி. பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. 'நல்லது நடந்துச்சே, இனிமே கோபம் எதுக்கு' என்று சபையில் கேட்கிறார்கள். ஒரு ஃபிரிட்ஜ் வாங்குவதற்கு ஒருத்தியின் கருப்பை போக வேண்டியிருந்தது. கோபப்படாமல் வேறென்ன செய்வது?