மஞ்சள் குடித்த பிக்-அப்

1. ஒரு ஓம்

என் வாழ்க்கையில் ஒரு பொருளை நான் ஒழுங்காகக் கழுவியது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு ஒரு கலியாணமே குழம்பப் பார்த்தது. அதற்குப் பிறகு சாப்பிட்ட கோப்பையைக் கழுவச் சொன்னாலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் தப்பி வருகிறேன். மனைவி நம்புவதில்லை. கராஜுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்களாவது நம்புங்கள்.

வெளிநாட்டுச் சாமான் இலேசில் கிடைக்காத எழுபதுகள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு கராஜில் எனக்கு வேலை. முதலாளியை எல்லோரும் பாஸ் என்போம். ரேடியேற்றர் பழுதானால் புதிது வாங்க ஏலாது. ஒட்டி, அடைத்து, கும்பிட்டுக்கொண்டு ஓடவேண்டியதுதான்.

அன்று காலை கிண்ணியாக் காசிம் நானா தன் பிக்-அப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நெல்லு வியாபாரி. வண்டியை அவரே ஓட்டுவார். அடுத்த நாள் மகளுக்குக் கலியாணம். விருந்துச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போகிற வழியில் வந்திருந்தார்.

"தண்ணி கறுத்துப் போச்சுப் பாஸ். மாத்திவிட்டாக் காணும். கடைசிப் பாதைக்கு முந்தி நான் துறையில நிக்கணும்."

பாதை என்பது கிண்ணியாத் துறையில் வண்டிகளையும் ஆட்களையும் அக்கரைக்குக் கடத்துகிற மிதவை. கடைசிப் பாதையை விட்டால் மறுநாள் காலைதான். சமையலோ அன்றிரவே தொடங்கவேண்டும். சாமான் போகாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோறு இல்லை.

பாஸ் அந்த நேரம் கந்தளாயில் நின்றுபோன லொறி ஒன்றைப் பார்க்க, ஈயம் பற்றவைக்கிற சாமான்களோடு புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணியை இறக்கு, புதுத் தண்ணி விடு. வேறை ஒண்டிலையும் கை வையாதை. விளங்குதோ?"

"ஓம் பாஸ்."

"நீ ஓம் எண்டு சொன்னால்தான் எனக்குப் பயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. கழுவல்

ரேடியேற்றரின் அடியில் தண்ணீர் இறக்குகிற ரப்பைத் திறந்தேன். மாரிகாலத்து மகாவலி ஆறு போல ஒரு கலங்கல் தண்ணீர் வந்தது. அப்போதே மூடி, நல்ல தண்ணீரை விட்டு, பொனற்றைச் சாத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. எனக்கோ கை சும்மா இருக்காது.

சலவைச்சோடாவைக் கரைத்து ஊற்றினேன். எஞ்சினைச் சூடேறும் வரை ஓடவிட்டேன். ஆறியதும் இறக்கினேன். பிறகு கீழ் ஹோஸைக் கழற்றி, அதற்குள்ளால் தண்ணீர்க் குழாயைச் செருகித் தலைகீழாக அடித்தேன். மேல்வாயால் கபிலமும் மஞ்சளுமாகக் கட்டி கட்டியாக வந்து விழுந்தது. ஒவ்வொரு கட்டிக்கும் என் நெஞ்சு ஓரங்குலம் நிமிர்ந்தது. கடைசியில் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்து வந்தது. உள்ளே யாராவது குடியிருக்கலாம் என்ற அளவுக்குச் சுத்தம்.

அதோடு விட்டேனா? கப்பல் எஞ்சினியர் ஒருவர் பாஸுக்கு அன்பளிப்பாகத் தந்த பச்சைக் கூலன்ற் ஒரு கலன் அலுமாரிக்குள் இருந்தது. அதைத் திறக்கப் பாஸுக்கே மனம் வரவில்லை. எனக்கு வந்தது. தண்ணீரோடு கலந்து ஊற்றி, மூடியை இறுக்கி, எஞ்சினை ஸ்ராட் பண்ணினேன்.

முதலில் ஒரு பச்சைத் துளி. துடைத்தேன். பக்கத்தில் இன்னொன்று. அதையும் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் ரேடியேற்றர் முழுக்க வேர்த்தது. அதைப் பார்த்து எனக்கும் வேர்த்தது. துணியைத் துளிக்குப் பிடிப்பதா முகத்துக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் முகமெல்லாம் பச்சையாக நின்றபோது, கைவண்டி நிறையச் சாமானோடு காசிம் நானா வந்து சேர்ந்தார்.

3. சவர்க்காரம்

நானா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து ரேடியேற்றரைப் பார்த்தார்.

"தம்பி, தண்ணி மாத்தச் சொன்னன். நீங்க என்ன செஞ்ச?"

"வடிவாக் கழுவினனான் நானா."

"கழுவினீங்களா? உள்ளுக்கு இருந்த ஊத்தை எங்க?"

நான் பெருமையோடு அது ஓடிப்போன வாய்க்காலைக் காட்டினேன். நானா தலையில் கை வைத்தார்.

"ரெண்டு வருசமா மஞ்சள்தூள் போட்டுப் போட்டு அடைச்சு வச்சிரிக்கன். அந்த ஊத்தையிலதான் வண்டி ஓடின! ஊத்தையைக் கழுவிட்டு எனக்குச் சல்லடையைத் தாறீங்க!"

"அப்ப திரும்ப மஞ்சள் போடுவமே?"

"மஞ்சளுக்கு எங்க போற? அதுவும் வெளிநாட்டுச் சாமான்தானே. கடை கடையா அலைஞ்சு ஒரு பைக்கற்றுத்தான் கிடைச்ச. அது புள்ளையிட கலியாணச் சோத்துக்கு. மஞ்சள் இல்லாம வீட்டுப் பக்கம் வரவேணாமெண்டு பொஞ்சாதி சொல்லித்தான் அனுப்பின."

பற்றவைக்கிற சாமான் பாஸோடு கந்தளாயில். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டியை எடுத்து, ஓட்டை ஓட்டையாகத் தேய்த்து அடைத்தேன். ஒழுக்குக் குறைந்தது. நானா சாமானை ஏற்றிவிட்டு, தண்ணீர் நிரப்பிய இரண்டு கலன்களையும் வைத்தார். பிறகு கதவைத் திறந்து பிடித்தார்.

"நீங்களும் ஏறுங்க."

"நானா, கராஜைப் பாக்க ஆளில்லை."

"கராஜில கழுவ இனி ஒண்டும் இல்லை. ஏறுங்க."

ஏறினேன்.

4. பைக்கற்று

சீனக்குடா தாண்டும்வரை சவர்க்காரம் மானத்தைக் காப்பாற்றியது. பிறகு சூட்டில் கரைந்து நுரை தள்ள ஆரம்பித்தது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், "அண்ணை, வண்டி குளிக்குதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். சூடு காட்டுகிற ஊசி ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பில் நின்றது. வண்டியை நிறுத்தினோம்.

கொதிக்கிற ரேடியேற்றரின் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறும்வரை நின்றால் பாதை போய்விடும். ஈரச்சாக்கை ரேடியேற்றரின் மேலே போட்டுவிட்டு நான் ஊதினேன். ரேடியேற்றரை வாயால் ஊதி ஆற்றப் பார்த்த மெக்கானிக் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நானா வெயில் சரிவதைப் பார்த்தார், சாமானைப் பார்த்தார், மறுபடி வெயிலைப் பார்த்தார். கடைசியில் அரிசி மூட்டைக்கும் நெய்த் தகரத்துக்கும் நடுவில் கைவிட்டு அந்தப் பைக்கற்றை எடுத்தார்.

"நானா, வேண்டாம். மாமி உங்களை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"சோறு வெள்ளையா இருந்தாத் திண்ணலாம் தம்பி. சோறே இல்லாட்டி?"

ஆறியதும் மூடியைத் திறந்து முழுப் பைக்கற்றையும் கொட்டினோம், தண்ணீரும் விட்டோம். எஞ்சின் ஓட ஓட, கலியாண வீட்டுக் குசினி மாதிரி வாசம் வந்தது. ஒழுக்கும் மெல்ல அடங்கியது. ஓரிரண்டு சொட்டு மட்டும் நிற்கவில்லை.

5. துறையில்

துறைக்குப் போனபோது பாதை கயிறு அவிழ்க்கிற நேரம். முன்னுக்கு நின்ற பாதைக்காரர் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"நில்லுங்கோ! ஆரை இடிச்சுப்போட்டு வாறியள்?"

நானும் இறங்கிப் பார்த்தேன். பம்பரால் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல இரத்தச் சிவப்பு. வழியில் யாரையாவது இடித்துவிட்டோமா? அந்தச் சைக்கிள்காரனா? அவன் எதிர்ப்பக்கம் அல்லவா போனான்? யோசிக்க முன்னம் கை இரண்டையும் தூக்கிவிட்டேன்.

"ஐயோ, நான் ஒண்டும் செய்யேல்லை! கழுவினனான் மட்டுந்தான்!"

"என்னது, கழுவியும் போட்டியளோ!" என்றார் பாதைக்காரர். பாதையில் நின்ற சனமெல்லாம் விளிம்புக்கு வந்துவிட்டது. "பொலிசுக்குச் சொல்லாமல் பாதை எடுக்க ஏலாது."

காசிம் நானா என்னைப் பார்த்த பார்வையைக் குழந்தைப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சொல்ல ஏலாது. குனிந்து, ஒரு சொட்டை விரலில் ஏந்தி, பாதைக்காரரின் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"மணந்து பாருங்க."

அவர் மணந்தார். இன்னொரு தடவை மணந்தார்.

"மஞ்சள்?"

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கலியாணத்தில் ஆலாத்தி எடுக்கிற தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். எஞ்சின் புளொக்குக்குள் ஒளிந்திருந்த என் சலவைச்சோடாவும் அதே வேலையைச் செய்திருக்கிறது. நான் அவ்வளவு நன்றாகவும் கழுவவில்லை.

"கலியாண வண்டி எண்டால் ஆலாத்தியைக் கையில அல்லோ கொண்டு வரோணும்?" என்று சிரித்துக்கொண்டு பாதைக்காரர் வழிவிட்டார். கயிறு அவிழ்ந்தது. நான் அக்கரை சேரும்வரை கையை இறக்கவில்லை என்று நானா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அது பொய். நடுவில் ஒருமுறை மூக்குச் சொறிந்தேன்.

6. வெள்ளைச் சோறு

மறுநாள் விருந்தில் நானும் இருந்தேன். சோறு வந்தது, தும்பை மாதிரி வெள்ளை. இறைச்சி ருசியாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த பெரியவர், "மஞ்சள் எங்க காசிம்?" என்று கேட்டார். நானா யோசிக்காமல் என் பக்கம் கையைக் காட்டினார். பெரியவர் என் வயிற்றைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

பாஸ் கந்தளாயால் வந்து, வெறுங் கூலன்ற் கலனைப் பார்த்துப் பேசியதை விட்டுவிடுகிறேன். கடைசியில் சொன்னது மட்டும் உபயோகம்: "எதையும் கழுவ முந்தி, உள்ளுக்கு என்ன போட்டவை எண்டு கேள்."

அன்றிலிருந்து கேட்கிறேன். யாரும் முதல் தடவை உண்மை சொல்வதில்லை. "மஞ்சளோ, முட்டை வெள்ளையோ, புகையிலையோ?" என்று நானே எடுத்துக் கொடுத்தால் தலையைச் சொறிவார்கள். தலையைச் சொறிந்தால் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். கை துறுதுறுத்தால் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

சில வருசம் கழித்து நானா இரண்டாவது மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தார், அதே பிக்-அப்பில். இறங்கியதும் மடியிலிருந்து ஒரு பைக்கற்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது வண்டிக்கு. சோத்துக்குள்ளது வீட்டில பூட்டி இரிக்கு. திறப்பு பொஞ்சாதியிட்ட."